தெருக்குட்டியை எடுத்து வந்த முதல் 14 நாள்

அட்டைப்பெட்டிக்குள் பழைய துண்டு, துண்டுக்குள் ஒரு நாய்க்குட்டி. சாக்கடை ஓரம் கத்திக்கொண்டு கிடந்தது, மனசு கேட்காமல் எடுத்து வந்தோம், அன்றைக்கு நன்றாக விளையாடியது, நாலாம் நாள் வாந்தி, ஐந்தாம் நாள் ரத்தப் பேதி. கால்நடை மருத்துவரிடம் வரும் குடும்பங்கள் பலவும் சொல்லும் வரிசை இதுதான். குட்டி போய்விட்டால் அடுத்த கேள்வியும் ஒன்றுதான்: "நாங்க என்ன டாக்டர் தப்பு பண்ணோம்?"

பெரும்பாலும் எந்தத் தப்பும் இல்லை. குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் உடம்புக்குள் போய் நோயாக வெளியே தெரிய 3 முதல் 7 நாள், சில சமயம் 14 நாள்கூட ஆகும். நாலாம் நாள் வாந்தி எடுத்த குட்டி அநேகமாக நோயை உங்கள் வீட்டில் வாங்கவில்லை, வரும்போதே கொண்டு வந்திருக்கிறது. "ஊசி போட்டோம், மறுநாளே படுத்துவிட்டது" என்று தடுப்பூசிமேல் பழி விழுவதும் இதே கணக்குத் தெரியாததால்தான். ஊசி வேலை செய்யச் சில நாட்களாவது வேண்டும். ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட கிருமியை அதனால் தடுக்க முடியாது. இந்தப் பயத்தில் அடுத்த குட்டிக்கு ஊசியே போடாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். இறந்த குட்டிக்காகப் படும் வேதனையைவிட அது பெரிய வேதனையில் கொண்டுபோய் விடும்.

வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். 8 வாரத்துக்கும் சின்னக் குட்டி உடம்புச் சூட்டைத் தக்கவைக்க முடியாமல் விறைத்துப்போகும். வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து, உடனே நன்றாக உலர்த்தினால் போதும். உண்ணியும் தெள்ளும் இருந்தால் மாட்டுக்கு அடிக்கும் மருந்தையோ மண்ணெண்ணெயையோ எடுக்காதீர்கள். குட்டியின் மெல்லிய தோல் வழியாக அது உள்ளே போகும், நக்கினால் வயிற்றுக்கும் போகும். அந்த எடைக்குப் பாதுகாப்பான ஸ்பிரே மருத்துவரிடம் கிடைக்கும். சொறிக்குப் பழைய என்ஜின் ஆயில் தடவும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. தோலையும் வெந்துபோக வைத்து, ஈரலையும் கெடுக்கும் வேலை அது.

பசும்பால் நிறைய கொடுத்தால் வயிறு போகும். அது பால் பேதியா நோய்ப் பேதியா என்று பிரித்தறிவதற்குள் ஒரு நாள் வீணாகிவிடும். நாலு வாரம் தாண்டிய குட்டிக்குக் குழைந்த சோறும் எலும்பில்லாமல் வேகவைத்துப் பிசைந்த கோழியும், உப்பும் மசாலாவும் வெங்காயமும் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு 4 வேளை கொடுங்கள்.

தினமும் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, ஒரே நேரத்தில் எடை. சமையலறைத் தராசில் கிண்ணத்தை வைத்துப் பார்த்தால் போதும். வளர வேண்டிய குட்டி இரண்டு நாள் எடை ஏறாமல் நின்றால், அது ஓடியாடிக்கொண்டிருந்தாலும் காட்டிவிடுங்கள். இரண்டாவது, ஈறு. மேல் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் ரோஜா நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறே காகிதம் மாதிரி வெளுத்திருந்தால் பெரும்பாலும் கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது உடம்பு முழுக்கத் தெள்ளு. குடற்புழு மருந்தை ஒரு தடவை கொடுத்து நிறுத்தக் கூடாது. 2 வார வயதிலிருந்து 8 வாரம் வரை 2 வாரத்துக்கு ஒரு முறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறை. அளவு எடையைப் பொறுத்தது, அதனால் அந்தத் தராசு இங்கேயும் உதவும்.

காய்ச்சல் இல்லாமல் நன்றாகச் சாப்பிடும் குட்டிக்கு 6 வாரம் ஆகியிருந்தால் முதல் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். அப்புறம் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும். இந்தக் கடைசி ஊசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளின் மருந்தை அமுக்கிவிடக்கூடும். அது எந்த வாரத்தில் கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். வெறிநாய்க்கடி ஊசி 3 மாதத்தில்.

பார்வோவின் முதல் அறிகுறி ரத்தம் அல்ல, மந்தம். காலையில் கிண்ணத்துக்கு ஓடி வந்தது, மாலையில் மோந்துவிட்டு மூலைக்குப் போய்ப் படுத்துவிடும். பிறகு நுரையாகவோ மஞ்சளாகவோ வாந்தி, அதற்குப் பிறகுதான் ஒருமுறை மோந்தவர்கள் மறக்காத அந்த நாற்றத்தோடு ரத்தப் பேதி. மந்தம் தெரிந்த அன்றே வந்தால் ஊசிச் சொட்டு மூலம் நீரும் உப்பும், வாந்தி நிற்க மருந்தும், கூடவே தொற்றும் பாக்டீரியாவுக்கு மருந்தும் கொடுத்துப் பெரும்பாலான குட்டிகளைக் காப்பாற்ற முடிகிறது. வீட்டிலேயே இரண்டு நாள் இளநீரும் மாதுளைத் தோல் கஷாயமும் புகட்டிவிட்டு மூன்றாம் நாள் வந்தால், ரத்தக்குழாயில் ஊசி ஏற்றவே இடம் இருக்காது. வாந்தி எடுக்கும் குட்டிக்கு எதையும் வாயில் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். வரும் வழியில் துவண்டு கண் சொருகினால், ஈறில் துளி தேன் மட்டும் தடவலாம். சர்க்கரை இறங்கிப்போவதும் குட்டிகளைக் கொல்லும்.

டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் இப்படிப் பட்டென்று வராது. கண்ணிலும் மூக்கிலும் பீளை, இருமல், லேசான காய்ச்சல், பிறகு தேறியது போல ஒரு தோற்றம். வாரங்கள் கழித்துத் தாடை வெடவெடக்கும், கால் தூங்கும்போதுகூடத் துடிக்கும். மூளைக்குப் போய்விட்டால் திரும்பி வருபவை குறைவு. பாதி வழியில் நம்பிக்கை கொடுத்துவிட்டுப் போவதால் இந்தச் சாவு குடும்பத்தை மிகவும் உலுக்கிவிடும்.

தெருவிலிருந்து வந்த எந்த நாய்க்கும், சின்னக் குட்டிக்கும்கூட, வெறிநோய் உள்ளே அடைகாத்துக்கொண்டிருக்கலாம். வாய் தொங்கி, எச்சில் வடிந்து, தண்ணீர் குடிக்கத் திணறினால் "தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கு" என்று கையை உள்ளே விடாதீர்கள். பல் பட்டாலோ நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். ஊசி அங்கே இலவசம். காயத்தில் ரத்தம் கசிந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் சீரமும் தேவைப்படும், கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். நாய் அப்படி இறந்தால் உடனே புதைக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள், மூளையைச் சோதித்துப் பார்க்க முடியும்.

இனி, இதை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறோம். குட்டி பார்வோவில் இறந்த வீட்டில் குழந்தை அழுகிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது. பத்தே நாளில் அப்பா இன்னொரு குட்டியைத் தூக்கி வருகிறார். அதே பாய், அதே கிண்ணம், அதே மூலை. அடுத்த வாரம் அதுவும் போய்விடுகிறது. "எங்க வீட்டுக்கு நாய் ராசி இல்ல" என்று முடிவு கட்டி, அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு நாயே வளர்ப்பதில்லை. ராசியில் ஒன்றும் இல்லை. அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மண்ணில் ஒரு வருஷம்கூட. பினாயில் அதைக் கொல்லாது. டெட்டாலும் கொல்லாது.

அதைக் கொல்வது குளோரின். முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்து அழுக்கை முழுக்க எடுக்க வேண்டும், மலம் ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு, கடையில் கிடைக்கும் சுமார் 5 சதவீதத் திரவ ப்ளீச்சில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர். ப்ளீச்சிங் பவுடரானால் ஒரு லிட்டருக்குச் சுமார் 6 கிராம், புதிதாக வாங்கியதாக இருக்கட்டும், திறந்து வைத்த பழைய பொட்டலத்தில் வீரியம் இருக்காது. தரை 10 நிமிடம் ஈரமாகவே நிற்க வேண்டும். கழிவறை ஆசிட்டை இதோடு கலந்துவிடாதீர்கள், மூச்சைத் தாக்கும் வாயு கிளம்பும். பாய், சாக்கு, துணிப் பொம்மை, கழுத்துப் பட்டை எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். மண் தரைக்கும் தோட்டத்துக்கும் இந்த வைத்தியம் இல்லை, வெயில்தான் மெதுவாகக் கிருமியைக் குறைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் அந்த வீட்டுக்கு அடுத்து ஒரு குட்டி வேண்டாம். எல்லா ஊசியும் முடிந்து 2 வாரமாவது ஆன, வளர்ந்த நாயை எடுங்கள். கருத்தடை முடிந்து, அதற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்ட தெருநாய்கள் விலங்குநல அமைப்புகளின் கூண்டுகளில் நிறையக் காத்திருக்கின்றன. குட்டியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய நாய் பழகுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: முதல் 3 நாள் பயம், 3 வாரத்தில் வீட்டு நேரம் பழகும், 3 மாதத்தில் உங்கள் நாயாகிவிடும் என்று மீட்பாளர்கள் சொல்லும் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வருகிறது. அந்த முதல் நாட்களில் கழுத்துப் பட்டையோடு மார்புப் பட்டையும் சேர்த்து, இரண்டு கயிறு போட்டு வெளியே கூட்டிப் போங்கள். பின்னுக்கு இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடும் நாய்க்கு உங்கள் தெரு இன்னும் தெரியாது. தீபாவளி வாரத்தில் புது நாயை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பது நல்லது.

முன்னால் இருந்த குட்டியைப் பற்றிக் குழந்தையிடம் "ஊருக்குப் போயிருக்கு", "தூங்குது" என்று சொல்லாதீர்கள். ஊருக்குப் போனது திரும்பி வரும் என்று வாசலில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் உண்டு. தூங்கப் பயப்படும் குழந்தைகளும் உண்டு. உடம்பில் கிருமி வந்தது, மருந்து கொடுத்தோம், குட்டியால் தாங்க முடியவில்லை, செத்துப்போச்சு என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். குட்டிக்கு வைத்த பேரைச் சொல்லியே பேசுங்கள். புதைப்பதானால் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தள்ளி, 3 அடிக்குக் குறையாத ஆழம், மேலே சுண்ணாம்பு, அதன்மேல் மற்ற நாய்கள் தோண்டாதபடி கல். குழந்தை பூப் போட வேண்டும் என்று கேட்டால் மண்ணை மூடிய பிறகு போடட்டும். செருப்பை வாசலிலேயே கழற்றி அந்தக் குளோரின் தண்ணீரில் கழுவிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள்.