ஹார்ட் விறைக்க ஆரம்பிக்கறது எப்போ?

ஹார்ட் பிரச்னைன்னாலே நமக்கு அடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் இதுதான் ஞாபகம் வருது. ஆனா எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தா பம்பிங் நார்மல்னு ரிப்போர்ட் வரும், ஆளு மட்டும் ஒரு மாடி ஏறினா மூச்சு வாங்குவாரு, ஹார்ட் ஃபெயிலியர் கேஸ்ல கிட்டத்தட்ட பாதி இந்த வகைதான்.

இதயத்துக்கு சுருங்கறது மட்டும் வேலை இல்ல, ஒவ்வொரு துடிப்புக்கு நடுவுலயும் விரிஞ்சு ரத்தத்தை உள்ள வாங்கணும். உட்கார்ந்தே ஓட்டுற உடம்புல வயசாக ஆக இடது கீழறை காய்ஞ்ச தோல்பை மாதிரி விறைச்சுடும். அது விரியலைன்னா ரத்தம் நிரம்ப அதிக அழுத்தம் வேணும், அந்த அழுத்தம் பின்னால நுரையீரல் வரைக்கும் ஏறிடும், மூச்சு வாங்கறது அதனாலதான். சும்மா இருக்கும்போது ஒண்ணும் தெரியாது, வேகமா நடந்தாதான் குட்டு வெளிப்படும்.

அமெரிக்காவுல டாலஸ்ல இதய டாக்டர் பெஞ்சமின் லெவின் டீம் 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 45லருந்து 64 வயசு வரை, நோய் இல்ல ஆனா உடற்பயிற்சி பழக்கமும் இல்லாத ஆளுங்க, 2 வருஷம் ட்ரெயினிங். முடிவுல உடம்பு உச்சகட்டமா இழுக்கக்கூடிய ஆக்சிஜன் 18% கூடுச்சு, இதயத்தோட விறைப்பும் குறைஞ்சுது, யோகா, பேலன்ஸ்னு லைட்டா செஞ்ச குரூப்ல அப்படி எதுவும் நடக்கல. இதே டீம் முன்னாடி 65 தாண்டினவங்களுக்கு ஒரு வருஷம் பயிற்சி குடுத்துப் பாத்தாங்க, ஸ்டாமினா ஏறுச்சு, விறைப்பு இளகலை. அதான் நடுவயசுக்கு இவ்ளோ மவுசு. ஆய்வுல இருந்தது அம்பது சொச்சம் பேருதான், அதனால ரொம்பவும் துள்ள வேண்டாம்.

இன்னொண்ணு, வாரத்துக்கு 2, 3 நாள்னு பல வருஷமா செஞ்சவங்களுக்கு இதயம் அவ்வளவா இளசா இல்ல, 4, 5 நாள் செஞ்சவங்களுக்குதான் இருந்துச்சு. அதுல ஒரு நாளாவது பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கணும், 4 நிமிஷம் முழு வேகம், 3 நிமிஷம் மெதுவா, இப்படி 4 தடவை. பிபி, சுகர் இருக்கவங்க, நெஞ்சு வலி வர்றவங்க டாக்டரைக் கேக்காம இதுல இறங்காதீங்க.

ஃபிட்னஸ், பின்னாடி வேலை செய்ய முடியாம போறதோடயும் சம்பந்தப்பட்டது. ஸ்வீடன்ல ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது 16-19 வயசுல சைக்கிள் மிதிக்க வச்சு டெஸ்ட் எடுத்த 10 லட்சத்துக்கும் மேல ஆம்பளைங்களை சராசரியா 28 வருஷம் ஃபாலோ பண்ணினதுல, ஃபிட்னஸ் கம்மியா இருந்தவங்கதான் பின்னாடி இயலாமை பென்ஷனுக்கு அதிகம் போனாங்க, ஒல்லியா இருந்தாலும் இதே கதைதான். காரணம் இதயம் மட்டும் இல்ல, மனநலம், எலும்பு மூட்டு எல்லாம் உண்டு. இது காரணத்தை நிரூபிக்கறது இல்லங்க, தொடர்பைத்தான் காட்டுது, ஆனா கணக்கு போட்டா புரியும்.

வயசான காலத்துல யார் தயவும் இல்லாம வாழ, ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு சுமார் 15-18 மில்லி ஆக்சிஜன் இழுக்கற திறன் வேணும். பத்து வருஷத்துக்கு தோராயமா 10% குறையும்னு வைங்க. 45ல 22 இருக்கறவரு 65லயே அந்த எல்லைக்கு வந்துடுவாரு, 32 இருக்கறவருக்கு 85லயும் 21 மிச்சம் இருக்கும். 70க்கு மேல இறக்கம் இன்னும் வேகமாகும், அதனால நிஜ நம்பர் இதைவிட கம்மியாத்தான் இருக்கும். 65 தாண்டி ஆரம்பிக்கறவங்களுக்கும் இந்த நம்பர் ஏறத்தான் செய்யும், இதயம் இளகாட்டியும் அந்த எல்லையைத் தொடறது சில வருஷம் தள்ளிப் போகும்.