இன்சுலினை நிறுத்திய பிறகு: சீனி தணிந்த பூனையைப் பார்த்துக்கொள்வது

பூனைக்கும் சீனி வருத்தம் வரும் என்று சொன்னால் மலையகத்தில் இன்றும் பலர் சிரிப்பார்கள். லயன் வீடுகளில் பூனை என்பது எலியைப் பிடித்துக்கொண்டு, மிச்சம் மீதியைத் தின்றுகொண்டு தன்பாட்டில் திரிகிற பிராணி. அதற்கு இரத்தப் பரிசோதனையா என்பார்கள். ஆனால் அட்டனிலும் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைகள் பெருகிவிட்டன. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த பூனை, குளிருக்கு அடுப்படியை விட்டு நகராத பூனை, எந்நேரமும் நிரம்பிய கோப்பையில் உலர் தீனியைக் கொறிக்கும் பூனை: நீரிழிவு தேடி வருவது இப்படிப்பட்டவற்றைத்தான். அதிலும் ஆண் பூனைக்கு ஆபத்து கூடுதல்.

நாய்க்கு நீரிழிவு வந்தால் அநேகமாக ஆயுள் முழுவதும் இன்சுலின்தான். பூனைக்கு அப்படியில்லை. நோயை விரைவில் கண்டுபிடித்து, ஒழுங்காக இன்சுலின் போட்டு, உணவையும் மாற்றினால், பல பூனைகள் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத நிலைக்கு வந்துவிடுகின்றன. குறைந்தது நான்கு வாரங்கள் இன்சுலின் இல்லாமலே இரத்தச் சீனி ஒழுங்காக நின்றால், நோய் தணிந்துவிட்டது என்று மிருக வைத்தியர்கள் சொல்வார்கள். ஊசியோடு சேர்த்துக் கவனத்தையும் பலர் கைவிடுவது அந்த நாளில்தான்.

தணிந்தது என்றால் உள்ளே என்ன நடந்திருக்கிறது? கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் இருக்கின்றன. உடல் பருத்தால் தசையும் கொழுப்பும் இன்சுலின் சொல்வதைக் கேட்க மறுக்கின்றன. அதை ஈடுகட்ட பீட்டா செல்கள் மேலும் மேலும் சுரக்கின்றன. ஒரு கட்டத்தில் களைத்துப் போகின்றன, இரத்தத்தில் சீனி ஏறுகிறது. ஏறிய சீனியே அந்தச் செல்களுக்கு நஞ்சாகி, சுரப்பை இன்னும் அடக்குகிறது. வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்துச் சீனியை இறக்கினால் இந்தச் சுழல் அறுகிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியில், துளிர்த்துப் படரும் வரை கொழுந்து பறிக்காமல் விடுவதைப் போன்றது இது. ஓய்வு கிடைத்த செல்கள் மீண்டும் வேலைக்கு வருகின்றன.

எல்லாச் செல்களும் வருவதில்லை என்பதுதான் சிக்கல். இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் அமிலின் என்ற புரதம், பூனைகளின் கணையத்தில் அமிலாய்டு என்ற படிவாகத் தங்கி, பீட்டா செல்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவிலும் இதுவே நடக்கிறது. இப்படி இழந்த செல்கள் திரும்புவதில்லை. ஆகவே நோய் தணிந்த பூனை, குறைந்த கையிருப்போடு குடும்பம் நடத்துகிறது. சாதாரண நாளில் சமாளிக்கும். சுமை கூடினால் தடுமாறும். தணிந்த பூனைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை மீண்டும் நோய்க்குள் போவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டாம் முறை தணிவது முதல் முறையைவிட அரிது.

சுமையில் பெரும்பங்கு சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து வருகிறது. பூனை முழு மாமிச உண்ணி. அதன் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் இல்லை. இனிப்பை உணரும் மரபணு செயலிழந்தது என்று 2005இல் கண்டறிந்தார்கள். லட்டுக்கும் பூனைக்கும் சம்பந்தமே இல்லை. சாப்பாட்டுக்குப் பின் பெருகும் குளுக்கோஸை வேகமாகப் பிடித்து வைக்கும் குளுக்கோகைனேஸ் என்ற நொதி நமது கல்லீரலில் தாராளமாக இருக்கிறது. பூனையின் கல்லீரலில் அது மிகக் குறைவு. அந்தக் கல்லீரலோ புரதத்திலிருந்து ஓயாமல் குளுக்கோஸ் தயாரித்துக்கொண்டே இருக்கும். இந்த உடலுக்குள் ஒரு கவளம் சோறு போனால், ஏறிய சீனி இறங்கப் பல மணி நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் மிஞ்சிய பீட்டா செல்களுக்கு வேலைதான்.

கணக்காகவே பார்ப்போம். வெந்த சோறு 50 கிராமில், அதாவது ஒரு சிறிய கைப்பிடியில், சுமார் 14 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஏறத்தாழ 55 கலோரி அதிலிருந்தே வந்துவிடும். வீட்டோடு இருக்கும் 4 கிலோ பூனைக்கு நாள் முழுவதற்கும் தேவை கிட்டத்தட்ட 200 கலோரி. நெத்தலித் தலையைப் பிசைந்து ஒரு கைப்பிடி சோறு வைத்தால், அன்றைய சக்தியில் கால்பங்குக்கு மேல் மாவாகப் போய்விட்டது. நீரிழிவுப் பூனைக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு 12 சதவீதத்துக்கும் கீழே.

பைக்கற்றில் வரும் தீனிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். லேபலில் மாவுச்சத்து என்று தனியாகப் போடமாட்டார்கள். நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும். புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, சாம்பல் 8, ஈரம் 10 என்று ஓர் உலர் தீனியில் இருந்தால், நூறில் மிச்சம் 34. அதுதான் மாவுச்சத்து. புரதத்தையும் மாவையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்கினால் 112, 119, 102 வரும். மொத்தம் 333 கலோரியில் 119 மாவிலிருந்து, அதாவது 36 சதவீதம். ஈரத்தீனிப் பொதி ஒன்றில் புரதம் 10, கொழுப்பு 5, நார் அரை, சாம்பல் 2, ஈரம் 80 என்றால் மிச்சம் இரண்டரைதான். அதே முறையில் பெருக்கினால் சுமார் 10 சதவீதம். விலை கூடிய உலர் தீனி என்பதால் மாவு குறைவாக இருக்கும் என்று நம்பவேண்டாம். ஈரத்தீனியிலும் குழம்பு போலக் கெட்டியாக இருப்பவற்றில் மாவு சேர்ந்திருக்கும். கூழ் போல அரைத்தது மேல்.

ஈரத்தீனியை நாள்தோறும் வாங்க எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. கோழியும் மீனும் வைப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வெறும் இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து போதாது. டோரின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் பூனையின் இதயத்தசை தளர்ந்துவிடும் என்பது 1987இலேயே நிறுவப்பட்டது. அவிக்கும்போது டோரின் தண்ணீரில் கரைந்துவிடுவதால் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கோழி இதயத்தில் டோரின் நிறைய உண்டு, கடையில் மலிவாகவும் கிடைக்கும். ஈரலை அளவோடு நிறுத்த வேண்டும். கூடினால் வைட்டமின் ஏ நஞ்சாகும். பச்சை மீன் சிலவற்றில் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. கருவாட்டில் உப்பு. டின் மீனை உப்புநீரை வடித்துவிட்டு எப்போதாவது கொடுக்கலாம். வெங்காயம் விழுந்த குழம்பையும் சம்பலையும் அறவே தொடவிடக்கூடாது; வெங்காயம் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். பாலில் இருப்பதும் சீனிதான். வீட்டுச் சமையலையே நிரந்தரமாக்குவதானால், சேர்க்கவேண்டிய தாது உப்புகளை மிருக வைத்தியரிடம் எழுதி வாங்குவதே சரி.

லயனில் இதைவிடப் பெரிய சிக்கல் பக்கத்து வீடு. நம் வீட்டில் கோழியை நிறுத்துப் போடுவோம். பூனை கூரை வழியாகப் போய் அங்கே பாலும் ரொட்டியும் தின்றுவிட்டு வரும். "வாயில்லாத ஜீவன், ஒரு பிடி சோறு தின்றால் என்ன ஆகிவிடும் தம்பி?" என்று கேட்கும் ஆச்சிக்குக் குளுக்கோகைனேஸைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. "ஆச்சிக்குச் சீனி இருக்கிறதல்லவா, இவனுக்கும் அதே வருத்தம்" என்றால் உடனே புரியும். அவித்த கோழித் துண்டுகள் கொஞ்சத்தை அவரிடமே கொடுத்துவைத்தால் அவர் மனமும் நிறையும், பூனைக்கும் கெடுதல் இல்லை.

அளவும் முக்கியம். ஒரு கிலோ எடை கூடினால் இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் திறன் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்தால் எடை தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் பார்த்து நாட்காட்டியிலேயே குறித்துவைக்கலாம். எடை கூடுவது ஓர் எச்சரிக்கை. நன்றாகத் தின்றும் எடை குறைவது அதைவிடப் பெரிய எச்சரிக்கை.

என்னைக் கேட்டால், அன்றாடக் காவலுக்குக் குளுக்கோமீட்டரைவிடத் தண்ணீர்க் கோப்பையே மேல். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்தால் போதும். கிலோவுக்கு 50 மில்லிலீற்றர், அதாவது 4 கிலோ பூனை 200 மில்லிலீற்றரைத் தாண்டிக் குடித்தால் சந்தேகப்பட வேண்டும். ஈரத்தீனி தின்னும் பூனை இதில் பாதிகூடக் குடிக்காது என்பதால், அதன் வழக்கமான அளவு இரட்டிப்பானாலே விசாரிக்கலாம். பீலித் தண்ணீரில் வாய்வைக்கும் பூனைக்கு இந்தக் கணக்கு உதவாது. அப்போது மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகளின் பருமனைப் பார்க்க வேண்டும்.

மீட்டரில் பார்ப்பதை முதல் சில மாதங்களுக்கு வாரம் ஒருமுறை, காலை உணவுக்கு முன் வைத்துக்கொள்ளலாம். காது ஓரத்தில் மெல்லிய இரத்தக் குழாய் ஓடும். நுவரெலியாவின் தை மாதக் காலையில் காது பனிக்கட்டியாக இருக்கும், குத்தினாலும் இரத்தம் வராது. வெந்நீர் நிரப்பிய சிறு போத்தலைத் துணியில் சுற்றிக் காதோடு ஒரு நிமிடம் வைத்து, ஓரத்தில் துளி வாசலின் தடவிக் குத்தினால், இரத்தம் மயிரில் பரவாமல் மணியாகத் திரளும். ஸ்டிரிப்பின் நுனியை அதில் தொட்டால் போதும். பிறகு பஞ்சால் சில நொடிகள் அழுத்தி, உடனே ஒரு கோழித் துண்டு. சில வாரங்களில் மீட்டரின் சத்தம் கேட்டாலே பூனை தானாக வந்து உட்காரும். பல மீட்டர்கள் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. இரவில் அதை ஜன்னலோரம் வைக்கக்கூடாது. உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலான மீட்டர்கள் சுமார் 3,000 மீற்றர் வரை தாங்கும். பிதுருதலாகலை உச்சியே 2,524 மீற்றர்தான்.

மனிதர்களுக்கான மீட்டர் பூனையின் சீனியைக் குறைத்தே காட்டும். நம் இரத்தத்தில் குளுக்கோஸின் கணிசமான பங்கு சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பூனையில் அநேகமாக முழுவதும் பிளாஸ்மாவில்தான். பூனைக்கென அளவமைத்த மீட்டரில் வெறும் வயிற்றில் 120 mg/dLக்குக் கீழ் இருந்தால் நிம்மதி. 135ஐத் தாண்டியே நின்றால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். மனித மீட்டர்தான் இருக்கிறது என்றால் அந்த எண்களை அப்படியே ஒப்பிடாமல், அதே மீட்டரில் வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குக் கூடையில் பூனையோடு பஸ் ஏறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கினிகத்தனை வளைவுகள், ஹோர்ன், அங்கே போனால் நாய்களின் குரைப்பு. பயந்த பூனையின் அட்ரினலின் கல்லீரலிலிருந்து குளுக்கோஸை அவிழ்த்துவிடும். நோயே இல்லாத பூனைக்கும் 300 காட்டலாம். அந்த ஓர் எண்ணை நம்பி இன்சுலினைத் தொடங்கினால் ஆபத்து. பிரக்டோசமைன் பரிசோதனை இதற்காகத்தான். அது இரத்தப் புரதத்தில் ஒட்டிய சீனியை அளப்பதால், கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் சராசரியைச் சொல்லும். பஸ் பயணம் அதைக் கலைக்காது. வீட்டுக் குறிப்பையும் கையோடு கொண்டுபோனால் வைத்தியருக்குப் பாதி வேலை மிச்சம். சிறுநீர் ஸ்டிரிப் தாமதமாகத்தான் பேசும். மனிதருக்குச் சுமார் 180இல் சிறுநீரில் சீனி இறங்கத் தொடங்கும். பூனைக்கு 250ஐத் தாண்டவேண்டும்.

உணவு ஒழுங்காக இருந்தும் சீனி ஏறினால் வேறு காரணம் தேட வேண்டும். ஈறு அழுகல், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி எல்லாம் இன்சுலினின் வலுவைக் குறைக்கும். எல்லாவற்றையும்விட மோசம் ஊசிகள். சொறிக்குப் போடும் ஸ்டெரொயிட் ஊசியும், குட்டி போடாமலிருக்கக் கொடுக்கும் புரோஜெஸ்டின் கருத்தடை ஊசியும் தணிந்த நோயைக் கிளப்பிவிடும். எந்த வைத்தியரிடம் போனாலும், எந்த முகாமுக்குக் கொண்டுபோனாலும், ஊசி ஏற்றுவதற்கு முன் "இதற்குச் சீனி இருந்தது" என்று வாய்திறந்து சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 180க்கு மேல் காட்டினால் அன்றே வைத்தியரை அழைப்பது நல்லது. குளிர்சாதனப்பெட்டியில் மிஞ்சிய பழைய இன்சுலினை நாமாக ஏற்றக்கூடாது. அளவு தவறினால் சீனி ஒரேயடியாக விழுந்து வலிப்பு வரும். அப்படி விழுந்துவிட்டால் கித்துள் பாணியை ஈறில் தடவிக்கொண்டே வைத்தியசாலைக்கு ஓட வேண்டியதுதான். வைத்தியர் அளவு சொல்லி இன்சுலினைச் சீக்கிரம் மீண்டும் தொடங்கினால், மிஞ்சிய செல்களைக் காப்பாற்ற இன்னும் இடமுண்டு. நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பூனை சாப்பாட்டை விட்டு, வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தால், உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலம் சேர்கிறது என்று பொருள். அதற்கு மறுநாள் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அன்றிரவே முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும்.