எலும்பைக் கரைக்கும் ஹார்மோனே எலும்பைக் கட்டுவது எப்படி?

மும்பை மாட்டுங்காவில் சித்தி வீட்டு ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஊசிப் பேனா இருக்கிறது. முதுகெலும்பில் முறிவு வந்தபின் தினமும் இரவு 20 மைக்ரோகிராம் டெரிபராடைட் போட்டுக்கொள்கிறார். "ஏண்டா, இதுல சுண்ணாம்புச் சத்தா போறது?" என்று கேட்டார். அதில் கால்சியம் துளியும் இல்லை சித்தி, அது ஒரு ஹார்மோனின் துண்டு என்றேன். அந்த ஹார்மோனின் கதை எனக்கு இன்றும் வியப்புதான்.

மாட்டுங்காவில் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டுகிறார்களே, எலும்புக்குள்ளும் அதே வேலை ஓயாமல் நடக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அரிக்கும். ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் நிரப்பும். பெரியவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு இப்படிப் புதிதாகிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அரிப்பு முந்திக்கொள்கிறது. இந்த எலும்புத் தேய்வுக்குத் தரும் அலெண்ட்ரோனேட் போன்ற பழைய மருந்துகள் அரிக்கும் செல்களை அடக்கும். இருப்பதைக் காக்கும், அவ்வளவுதான். புதிதாகப் பெரிதாக எதையும் கட்டாது.

தைராய்டுக்குப் பின்னால் பெரும்பாலானவர்களுக்கு நான்கு சிறு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவற்றின் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும். சுரப்பியில் கட்டி வந்து ஹார்மோன் எந்நேரமும் மிகையாகச் சுரந்தால் எலும்பு தேய்ந்துபோகும். அப்படிப்பட்டதை மருந்தாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், விட்டுவிட்டுக் கொடுத்தால். அந்த ஹார்மோனில் 84 அமினோ அமிலங்கள். டெரிபராடைட் அதன் முதல் 34 மட்டும். ஊசி போட்ட அரை மணியில் ரத்தத்தில் உச்சம் தொட்டு, சில மணி நேரத்தில் மறைந்துவிடும். அந்தச் சிறு நேரத்தில், எலும்பின் மேல் சும்மா படிந்திருக்கும் செல்கள் கட்டும் வேலைக்குத் திரும்புகின்றன; கட்டும் செல்கள் சீக்கிரம் சாவதும் குறைகிறது. ஹார்மோன் நாள் முழுதும் நிலைத்தாலோ, அதே ஆஸ்டியோபிளாஸ்ட்கள் ராங்க்எல் என்ற புரதத்தைத் தொடர்ந்து காட்டி அரிப்பவர்களை அழைத்துக்கொண்டே இருக்கும். மருந்தா நோயா என்பதை இங்கே நேரம்தான் முடிவு செய்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரந்து கட்டுமானத்துக்குப் பிரேக் போடுகின்றன. தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகானர் குடும்பங்கள் சிலவற்றில் பிறவியிலேயே இப்புரதம் இல்லை. எலும்பு உரமேறி, எளிதில் முறியாது. ஆனால் மண்டையோடு தடித்து நரம்புகளை நெருக்குவதால் காது கேளாமை, முகவாதம் எல்லாம் வரும், பாவம். அவர்களைப் பார்த்துக் கற்றதிலிருந்து பிறந்ததே ரோமோசோசுமாப். பிரேக்கைப் பிடித்து விலக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புரதம் அது. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதம் ஒரு முறை, ஓராண்டுக்கு. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை.

சரி, கட்டிய எலும்பு நிலைக்குமா? டெரிபராடைட்டைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்கு மேல் தருவதில்லை. நிறுத்தியபின் சும்மா விட்டால் சேர்த்தது கரையத் தொடங்கும். அதனால்தான் உடனே அரிப்பைத் தடுக்கும் பழைய வகை மருந்துக்கு மாற்றுகிறார்கள். சித்தியின் மருத்துவரும் அதையே சொல்லியிருக்கிறார். கடைசிப் பேனா முடியும் தேதியை சித்தி நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.