சுதந்திர வர்த்தக உடன்படிக்கை: எதிலிருந்து சுதந்திரம்?

எங்கள் இலங்கைப் பத்திரிகைகளில் ‘சுதந்திர வர்த்தக உடன்படிக்கை’, தமிழ்நாட்டில் ‘தடையற்ற வணிக ஒப்பந்தம்’. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ டிரேட் அக்ரிமென்ட்’, சுருக்கமாக எஃப்.டி.ஏ. தமிழ்ப் பெயர் இரண்டுமே உள்ளதைவிடக் கூடுதலாகச் சொல்லிவிடுகின்றன.

பொருள் இதுதான்: நாடுகள் தத்தம் மண்ணில் உற்பத்தியான பண்டங்களுக்குப் பரஸ்பரம் சுங்கத் தீர்வையைக் குறைப்பது அல்லது நீக்குவது. மூன்றாம் நாடுகளுக்கு விதிக்கும் தீர்வையில் ஒருவர் மற்றவரைக் கட்டுப்படுத்துவதில்லை.

ஆங்கிலத் தொடரின் முதற்சொல்லுக்கு இங்கே ‘தீர்வை இல்லாத’ என்பதே பொருள். அதைச் ‘சுதந்திரம்’ என்று பெயர்த்ததில் அரசியல் வாடை ஏறிவிட்டது. 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயத்தையும் ‘சுதந்திர வர்த்தக வலயம்’ என்றே அழைத்ததால், வலயமும் உடன்படிக்கையும் ஒன்றெனப் பலர் நினைக்கிறார்கள். வலயம் ஒரு நாட்டுக்குள் வேலி போட்ட இடம். அதற்கு மற்ற நாட்டின் கையெழுத்துத் தேவையில்லை.

இந்தக் கருத்துக்குத் தமிழில் பழைய சொற்கள் உண்டு. ‘உல்கு’ என்றால் சுங்கம். திருக்குறளிலேயே (756) அது வருகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர். நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் வெளிநாட்டு வணிகரைப் பற்றியது. யானை, குதிரை ஏற்றிய கப்பல் உடைந்தால் கால்பங்கு அரச பண்டாரத்துக்கு, வேறு சரக்குக் கப்பலானால் அரைப்பங்கு என்று அது விதிக்கிறது. ஆனால் இவையெல்லாம் அரசன் ஒருவனாக இட்ட ஆணைகள். உடன்படிக்கைக்கு உடன்படுவதற்கு இரண்டு பக்கம் வேண்டும். ஜி.எஸ்.பி. பிளஸ்ஸை ‘ஒப்பந்தம்’ என்று எழுதுவது இதனாலேயே பிழை. அது ஐரோப்பிய ஒன்றியம் ஒருதலையாகத் தரும் சலுகை. இலங்கைக்கு 2010இல் நிறுத்தினார்கள், 2017இல் திரும்பக் கொடுத்தார்கள்.

‘தடையற்ற’ என்பதும் சரிவராது. இந்திய–இலங்கை உடன்படிக்கை 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதிலேயே சலுகை பெறாத பண்டங்களின் பட்டியலில் இலங்கை 1,180ஐயும் இந்தியா 429ஐயும் வைத்தன. இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ என்ற வரம்பு. இத்தனை தடைகளோடு இருப்பதைத் ‘தீர்வை நீக்க வணிக உடன்படிக்கை’ என்று சொல்வதே பொருத்தம். ‘தீர்வை’ ஏற்கெனவே எங்கள் சுங்கப் படிவங்களில் புழங்கும் சொல்தான். ‘சலுகை’ என்ற சொல்லை இதில் சேர்க்கவேண்டாம். குறைந்த அளவு விட்டுக்கொடுப்புள்ள வேறொரு வகை உடன்படிக்கைக்கு அது தேவைப்படும்.

இனி, பெயரைவிட முக்கியமான சங்கதி: ‘தம் மண்ணில் உற்பத்தியான’ என்பது. இதைத் தீர்மானிப்பவை தோற்ற விதிகள். அவை இல்லாவிட்டால், தீர்வை குறைந்த நாட்டின் வழியாக மூன்றாம் நாட்டுச் சரக்கு மற்ற நாட்டுக்குள் நுழைந்துவிடும். விதிகள் இருந்தும் சிக்கல் வந்ததுண்டு. பாம் எண்ணெயை இலங்கையில் குறைந்த தீர்வையில் இறக்கி, வனஸ்பதியாக்கி, தீர்வையின்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்தியாவில் பாம் எண்ணெய்க்குத் தீர்வை அதிகம் என்பதால் அங்குள்ள உற்பத்தியாளர் கொதித்தெழ, ஆண்டுக்கு 2,50,000 தொன் என்று வரம்பு வந்தது.

விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எங்கள் கறித்தூளையே எடுத்துக்கொள்ளலாம். கப்பலேற்றும் விலை 1,000 ரூபாய், அதில் மூன்றாம் நாட்டு மூலப்பொருள் 600 என்றால் உள்நாட்டுப் பெறுமதி 40 சதவீதம். இந்திய–இலங்கை உடன்படிக்கைக்குத் தேவையானது 35, தப்பினோம். மூலப்பொருள் 680க்கு ஏறினால் 32; சலுகை போயிற்று. எங்கே விளைந்தது என்று காட்டப் பற்றுச்சீட்டு இல்லாத பொருளும் வெளிநாட்டுக் கணக்கில்தான் சேரும். சந்தையில் சில்லறையாக மல்லி வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டுப்படுகிறார்கள். மூலப்பொருள் இந்தியாவிலிருந்தே வந்ததானால், இலங்கைப் பங்கு 25 சதவீதமும் இரு நாட்டுப் பங்கும் சேர்ந்து 35உம் இருந்தால் போதும்.

பெறுமதி மட்டும் போதாது. மூன்றாம் நாட்டு மூலப்பொருளின் எச்.எஸ். குறியீட்டில், அதாவது சுங்கத்தில் பண்டங்களை வகைப்படுத்தும் எண்ணில், முதல் நான்கு இலக்கம் முடிவுப் பொருளில் மாறியிருக்க வேண்டும். செத்தல் மிளகாய் 0904; அரைத்த மிளகாய்த்தூளும் 0904. ஆகவே வெறும் அரைப்பு ஒன்றுக்கும் உதவாது. பல சரக்கு சேர்ந்த கறித்தூள் 0910க்குப் போகும். ஆனால் மஞ்சளும் 0910தான். வெளிநாட்டு மஞ்சள் கொஞ்சம் விழுந்தாலும் அந்த நிபந்தனை உடையும், உள்ளூர் மஞ்சளே பாதுகாப்பு. இன்னொன்று: வெறுமனே கலத்தல், பொதி மாற்றல், பெயர்ச்சுட்டி ஒட்டல் ஆகியவற்றை உற்பத்தி என்று ஏற்கமாட்டார்கள். வறுப்பு, அரைப்பு என்று செய்முறையைப் படிபடியாக எழுதி வைத்திருப்பது நல்லது.

அனுப்புவதற்கு முன் சலுகையற்ற பட்டியலைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பிறகு செலவுக் கணக்கோடு வர்த்தகத் திணைக்களத்தில் தோற்றச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விலைப்பட்டியலிலும் சான்றிதழிலும் பண்டத்தின் பெயர், நிறை, குறியீடு ஒன்றாக இல்லாவிட்டால் அக்கரையில் சரக்கு நின்றுவிடும். 2020 செப்டெம்பர் 21 முதல் இந்திய இறக்குமதியாளர் சான்றிதழை மட்டும் காட்டித் தப்ப முடியாது. தோற்றத்துக்கான விவரங்களையும் தன் கையில் வைத்திருக்க வேண்டும். ஆகையால் செலவுக் கணக்கின் பிரதி அவர் கேட்கும்போது கொடுக்கும் நிலையில் இருக்கட்டும்.