மீனை மயக்குவதில் தண்ணீரின் பங்கு

பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அந்தத் தைலத்தின் பெரும்பகுதி யூஜினால். நரம்புச் செல்களில் சோடியம் நுழையும் வாயில்களை அது அடைத்துவிடுவதால் வலிச் செய்தி மேலே போவதில்லை. மீனை மயக்கவும் இதே யூஜினால்தான் பயன்படுகிறது. அரோவானா என்ற அலங்கார மீனின் உடலில் மைக்ரோசிப் செலுத்த, கெலோங் எனப்படும் கடல் மீன்பண்ணையில் வளரும் கொடுவாவுக்குத் தடுப்பூசி போட, புண்ணைச் சுத்தம் செய்ய, மீன் சில நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். துள்ளத் துள்ள அமுக்கிப் பிடித்தால் செதில் உதிரும், மேலே இருக்கும் வழவழப்பு அழியும், அந்த இடத்தில் கிருமி புகும். மயக்கி வைத்து வேலை பார்ப்பதே மீனுக்கு நல்லது.

மருந்தைக் கலப்பது தண்ணீரில். மீன் வாயால் இழுத்துச் செவுள் வழியாக வெளியே தள்ளும் நீரிலிருந்து யூஜினால் செவுள் இதழ்களின் மெல்லிய சவ்வைக் கடந்து இரத்தத்தில் சேர்கிறது, அங்கிருந்து மூளைக்குப் போகிறது. அதனால் எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் ‘லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்’ என்று மட்டும் சொல்வது பாதி விடைதான்.

முதலில் பார்க்க வேண்டியது வெப்பம். அளவு சொல்லும் வழிகாட்டிகளில் பல, டிரவுட், சால்மன் போன்ற குளிர்நீர் மீன்களை வைத்து எழுதப்பட்டவை. அவை வாழும் நீர் 10, 15 பாகை செல்சியஸ். சிங்கப்பூரில் வெளியில் இருக்கும் தொட்டி நீர் 28, 30 பாகை. மீனுக்குத் தனி உடல்சூடு கிடையாது. நீரின் வெப்பம் 10 பாகை ஏறினால் அதன் உடல் இயக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். செவுள் வேகமாக அடிக்கும், மருந்தும் வேகமாக உள்ளே போகும். அதே நேரத்தில் நீரில் ஆக்சிஜன் குறைகிறது. 10 பாகை நன்னீர் லிட்டருக்கு சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் அது 7.5 தான், கடல்நீரானால் 6 சொச்சம். தேவை கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. மூச்சு போதாத மீன் இன்னும் வேகமாகச் செவுளை அடிக்கும், இன்னும் அதிக மருந்தை இழுக்கும். மயக்கம் ஆழமானதும் செவுள் அசைவு நின்றுபோகும். குளிர்நீரில் அந்த நிலையிலிருந்து மீனை மீட்கக் கிடைக்கும் அவகாசம் இங்கே கிடைக்காது. ஆகவே மயக்கத் தொட்டியிலும் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல் கட்டாயம் வேண்டும் என்பேன். குமிழியோடு யூஜினால் கொஞ்சம் ஆவியாகிப் போனாலும் பரவாயில்லை.

சூட்டினால் ஒரு நன்மையும் உண்டு. யூஜினால் எண்ணெய்ப் பொருள், நீரில் எளிதில் கரையாது. குளிர்நீரில் துளித்துளியாக மிதக்கும். ஒரு மீனுக்கு அளவுக்கு மீறிப் போய்ச் சேரும், பக்கத்து மீனுக்கு எதுவுமே கிடைக்காது. நம் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு. இருந்தாலும் ஒரு பங்கு தைலத்தை ஒன்பது பங்கு எத்தனாலில் கரைத்துக்கொண்டு, தொட்டி நீரோடு நன்றாகக் குலுக்கி ஊற்றுவதே சரியான முறை.

நீரின் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, யூஜினாலை அதிகம் தொடுவதில்லை. மீன்கள் வாழும் 6 முதல் 8.5 வரையிலான பிஎச்சில் அது மின்னேற்றம் இல்லாமலே இருக்கும், சவ்வைக் கடக்கும். எம்எஸ்-222 என்ற செயற்கை மயக்கமருந்து அப்படியல்ல. அது நீரையே அமிலமாக்கும், மென்னீரில் இன்னும் மோசம். சோடியம் பைகார்பனேட் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். உப்பின் கதை மீனுக்கு மீன் மாறும். கடும் மழைக்குப் பின், சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலுள்ள ஜொகூர் நீரிணையில் உப்பு இறங்கும்போது, கெலோங் மீன் உடலின் உப்புச் சமநிலையைக் காக்கவே பாடுபடும். அன்றைக்கு மயக்க வேலையைத் தள்ளிப்போடலாம்.

குழாய்நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பது குளோரமின். குளோரின் இரவு திறந்து வைத்தால் போய்விடும், குளோரமின் அப்படிப் போகாது, செவுளையும் அரிக்கும். மருந்து ஏறுவதும் இறங்குவதும் அந்தச் செவுள் வழியாகத்தான். எனவே மீன் இருக்கும் தொட்டியின் நீரையே எடுத்து மயக்கத் தொட்டியை நிரப்புவது நல்லது. மயக்கம் தெளிய மீனை விடும் மீட்புத் தொட்டிக்கும் அதே நீர், அதே சூடு. முதலில் ஓரிரு மீன்களை மட்டும் விட்டு, எத்தனை நிமிடத்தில் சாய்கின்றன, எத்தனை நிமிடத்தில் நிமிர்கின்றன என்று பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.

பல மீன்களை ஒன்றன்பின் ஒன்றாக மயக்கும்போது மருந்தின் வீரியம் இறங்கும். கூடவே மீன் விடும் அம்மோனியா சேரும். 30 பாகையில் பிஎச் 7 என்றால் அதில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் ஏழெட்டுப் பங்கு. வீரியம் குறைந்துவிட்டதே என்று அதே நீரில் மேலும் தைலம் ஊற்றாதீர்கள். நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.