வியாதிப்பட்டால் யாரை வரவழைப்பீர்கள்?

நான் செவிலியர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எழுந்து நடமாட முடியாத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலை. புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், மரம் ஏறி விழுந்து முதுகுத்தண்டு போனவர்கள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவேன், சிறுநீர்க் குழாய் மாற்றுவேன், மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது எப்படி என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள். அதனால் வாசலில் நர்ஸ் வந்து வண்டியை நிறுத்தினால் இப்போதெல்லாம் யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை.

இந்த வேலையில் எனக்குப் புரிந்த ஒரு கணக்கு இருக்கிறது. 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம். ஒரு வீட்டுக்கு மாதம் இரண்டு தடவை போவேன், தடவைக்கு அரை மணி. ஆக, என் பங்கு ஒரு மணி நேரம். மிச்சம் 719. நோயாளிக்குப் படுக்கைப்புண் வருமா வராதா, மார்பின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை தவறாமல் உள்ளே போகுமா போகாதா என்பதெல்லாம் அந்த 719-ல்தான் முடிவாகிறது. படுத்தே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாளைக்குப் 12 முறை, இரவும் சேர்த்து. பெரும்பாலான வீடுகளில் இதைச் செய்வது ஒரே ஆள். மனைவி, இல்லையென்றால் மருமகள். மூன்றாவது மாதத்தில் நோயாளியைவிட அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வரும்.

அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே விசாரித்துவிடுவேன். பக்கத்தில் சொந்தக்காரர்கள் யார், மகளிர் குழுவில் இருக்கிறீர்களா, கூப்பிட்டால் ஓடி வர ஆள் உண்டா. கிறிஸ்தவ வீடாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: "எந்தச் சபைக்குப் போறீங்க?"

நானும் சபைக்குப் போகிறவள்தான். ஆனால் நான் கேட்பது சபைப் பிரிவு தெரிந்துகொள்ள அல்ல, 719 மணி நேரத்துக்கு ஆள் தேடி. இதற்குக் கிடைக்கும் பதில்களில் எனக்கு அதிகம் கவலை தருவது, "எல்லா இடத்துக்கும் போவோம் சிஸ்டர்" என்பது.

ஓசூரில் ஒரு வீடு. கணவனும் மனைவியும் தென்மாவட்டத்துக்காரர்கள், சிப்காட் வேலைக்காக வந்து ஒன்பது வருடம். சபை அங்கத்தினர் பதிவு இன்னும் சொந்த ஊரில். சந்தாவும் அங்கேதான் போகிறது. இங்கே ஒரு ஞாயிறு ஒரு ஆலயம், அடுத்த ஞாயிறு பாட்டு நன்றாக இருக்கிற இன்னொரு கூடுகை, மாதக் கடைசியில் பெங்களூரில் ஒரு பெரிய கூட்டம், மீதி நாள் யூடியூப். வேதம் நன்றாகத் தெரிந்தவர்கள், உண்மையான பக்தி உள்ளவர்கள். நாற்பத்தொரு வயதில் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. நான் அந்த வீட்டுக்குப் போன முதல் நாள் அந்தப் பெண் ஃபோனைக் காட்டினாள். ஏழு வாட்ஸப் ஜெபக் குழுக்கள். எல்லாவற்றிலும் கைகூப்பும் படங்கள், "ஆமென்", "ஜெபிக்கிறோம் சகோதரி". நூறு பேருக்கு மேல். அவரைத் தூக்கி உட்கார வைக்க ஒரு கை கொடுக்க மட்டும் யாருமில்லை. அவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. இந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

கை கொடுத்தது யார் தெரியுமா? அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா. தெலுங்கு பேசுகிற குடும்பம், வாசலில் துளசி மாடம். முதல் இரண்டு வாரம் சோறு அவர்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. இதைச் சொல்லாமல் மேலே போனால் நான் நேர்மையற்றவள். நம் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் சிறு கூட்டம். எலத்தகிரி மாதிரி சில ஊர்களை விட்டால் தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகள்தான். ஆபத்தில் முதலில் ஓடி வருவது பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோதான். அது இந்த மண்ணின் நல்ல குணம்.

அப்படியானால் சபை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டார் முதல் மாதத்துக்கு. அதற்கு மேல் அவர்களுக்கும் மாந்தோப்பில் அறுப்பு இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது. இரக்கம் வற்றிப் போவதில்லை, மறதி வந்துவிடுகிறது. எட்டாவது மாதத்தில் கதவைத் தட்டுகிறவர் யார் என்பதுதான் என் கேள்வி.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு சின்னச் சபை. முப்பது குடும்பம்கூட இருக்காது. போதகர் பெரிய பேச்சாளர் இல்லை. அவருடைய பிரசங்கத்தில் நானே ஒரு தடவை கண்ணயர்ந்திருக்கிறேன். அந்தச் சபையில் ஒருவருக்கு வாய்ப் புற்றுநோய். மனைவி நூறு நாள் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். எட்டு மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். எட்டு மாதமும் பகலில் ஒரு பெண்ணாவது திண்ணையில் இருப்பார். திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று நோட்டில் முறை எழுதி வைத்திருந்தார்கள். புரட்டிப் படுக்க வைப்பதை நான் ஒருத்திக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன், அடுத்த மாதம் போனால் ஐந்து பேருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வாலிபர்கள் இரவில் முறை வைத்துப் படுத்தார்கள். கடைசி வரை அவருக்குப் படுக்கைப்புண் வரவில்லை. மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அந்தப் பெண்களிடம் ஒரு நாள் கேட்டேன், எப்படி விடாமல் வருகிறீர்கள் என்று. ஒருவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஜெபத்துல அவரு பேரைப் படிக்கிறாங்க இல்ல சிஸ்டர். படிச்சதும் ஞாபகம் வந்துடுது."

வாராவாரம் ஒரே கூரையின் கீழ் ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்கிறார்கள். சொன்னவர்கள் ஆலயத்தை விட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "இந்த வாரம் யார் போறது?" என்று பேசிக்கொள்கிறார்கள். வேறு பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. கத்தோலிக்கர்களுக்கு அன்பியம் என்று ஒரு ஏற்பாடு உண்டு, பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்களைச் சேர்த்த சிறு குழு. அது உயிரோடு இருக்கிற ஊர்களில் இதையேதான் பார்த்திருக்கிறேன்.

யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், "உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக" என்று இருக்கிறது. எண்ணெய் பூசி ஜெபிப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதற்கு முன்னால் அந்த வசனம் ஒன்றை எடுத்துக்கொண்டே பேசுகிறது: வியாதிப்பட்டவனுக்கு ஒரு சபை இருக்கிறது, அதன் மூப்பர்கள் யாரென்று அவனுக்குத் தெரியும், அவன் வீடு எங்கே என்று அவர்களுக்கும் தெரியும். வியாதி வந்த பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளலாம், எந்தச் சபையும் விரட்டாது. ஆனால் பழக்கம் என்பது ஒரே நாளில் வருவதில்லை. திருவிருந்தில் பக்கத்தில் முழங்கால் போட்டது, சபையின் அசன விருந்துக்கு வெங்காயம் உரித்தது, பாடகர் குழுவில் சண்டை போட்டுச் சமாதானமானது, இவையெல்லாம் நல்ல உடம்போடு இருக்கும்போதே நடந்திருக்க வேண்டும்.

சரி, சபைகள் எல்லாம் இப்படியா? இல்லை. என் மாமனார் இறந்தபோது, வேறொரு ஊரில், சந்தா பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கல்லறைத் தோட்டத்து அனுமதிக்கு அரை நாள் இழுத்தடித்தார்கள். வீட்டில் பெட்டி, வெளியே கணக்கு நோட்டு. அந்த மனிதர் உடல்நலம் குன்றிப் படுத்திருந்த இரண்டு வருடத்தில் கமிட்டியிலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் எந்த ஆலயத்துக்குள்ளும் நான் கால் வைக்கவில்லை. சாதி பார்த்து உட்காரும் சபைகளும், தேர்தல் வந்தால் கோர்ட்டுக்குப் போகும் சபைகளும் இருப்பது ஊருக்கே தெரியும். அதனால் விலகி நிற்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். அந்த ஒரு வருடத்தில் என் வீட்டில் ஏதாவது நடந்திருந்தால், நானும் வாட்ஸப்பில் கைகூப்பும் படங்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதைச் செவிலியராகச் சொல்லியே ஆக வேண்டும். "ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் கேட்காதீர்கள். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்கே அடங்காமல் போகலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வரலாம். சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மயங்கி விழலாம். அப்படி விழுந்த இரண்டு பேருக்கு நானே ஊசி வழியாகச் சர்க்கரைக் கரைசல் ஏற்றியிருக்கிறேன். அப்புறம், ஜெப எண்ணெயை நெற்றியில் பூசுங்கள், திறந்த புண்ணில் ஊற்றாதீர்கள்.

இந்தத் தவறுகளில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை ஃபோன் வழியாகவோ, ஒரு நாள் கூட்டம் நடத்திவிட்டுப் போனவர்கள் வழியாகவோ வந்தவை. அந்த ஊழியருக்கு உங்கள் சர்க்கரை அளவு தெரியாது, நீங்கள் மயங்கி விழுந்தால் மறுநாள் உங்கள் பிள்ளைகளின் முகத்தில் விழிக்க வேண்டியதும் இல்லை. உள்ளூர்ப் போதகருக்கு அந்தச் சங்கடம் உண்டு. "நீங்க உபவாசம் வேண்டாம்மா, காலையில சாப்பிட்டுட்டு வந்து ஜெபத்துல உட்காருங்க" என்று தன் சபையாரிடம் சொல்லும் போதகர்களை எனக்குத் தெரியும். மாறாகப் பேசும் போதகர் உள்ளூரிலும் இருந்தால், அந்தச் சபையை விட்டு வேறு சபை தேடுங்கள். அர்ப்பணிப்பு என்றால் கண்ணை மூடிக்கொள்வது அல்ல.

யூடியூப்பையும் நான் திட்ட மாட்டேன். 2020-ல் ஆலயங்களைப் பூட்டியபோது அதுதான் கை கொடுத்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இன்றும் அது வரப்பிரசாதம். நடக்க முடிந்தவர்கள் அதோடு நின்றுவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்கள் அடிக்கடி சொல்வது, "ரெண்டு வருஷம்தான் சிஸ்டர், ஊருக்கே திரும்பிடுவோம்." அந்த இரண்டு வருடம் பத்து ஆகிவிடுகிறது. பழைய சபையில் ஒரு கடிதம் வாங்கி வந்து, இருக்கிற இடத்தில் பக்கத்துச் சபையில் பெயரைச் சேருங்கள். பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு, திடப்படுத்தலுக்கு, கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க என்று எப்படியும் அந்தக் கடிதத்துக்காக ஒரு நாள் அலையத்தான் போகிறீர்கள். கிருஷ்ணகிரிக்கு 1895-ல் லுத்தரன் ஊழியராக வந்த தியோடர் நேதர் ஜெர்மானியர், அவரை அனுப்பியது அமெரிக்காவின் மிசௌரி சினாட் என்ற லுத்தரன் சபை அமைப்பு. பிளேக் பரவியபோதும் ஊரை விட்டுப் போகவில்லை, 1904-ல் அந்த நோயிலேயே இங்கே இறந்தார். கடல் தாண்டி வந்தவரே இந்த ஊரைத் தன் ஊராக்கிக்கொண்டார். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களுக்கு ஓசூர் என்ன அவ்வளவு தூரமா?

பர்கூர் போகும் வழியில் ஒரு ஆயா இருக்கிறார், என் சபைதான். இடுப்பெலும்பு உடைந்து மூன்று வருடமாகக் கட்டிலில். அவரைத் தூக்கிச் சுமப்பது சபை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தலையணைக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். சபைக் குடும்பங்கள் எல்லாவற்றின் பெயரும் அதில் உண்டு. ஞாயிறு மதியம் திருவிருந்து கொண்டுவரும் ஐயாவிடமும் கூட வரும் பெண்களிடமும் யார் யார் வரவில்லை என்று கேட்டு, அந்தப் பெயர்களுக்கு நேராக ஒரு புள்ளி வைப்பார். வாரம் முழுக்க அந்தப் புள்ளிகளுக்காக ஜெபம். மூன்று புள்ளி சேர்ந்தால் பேத்தியை விட்டு அந்த வீட்டுக்கு ஃபோன் போடச் சொல்வார்.

போன வாரம் சிறுநீர்க் குழாய் மாற்றப் போயிருந்தேன். கையுறையைக் கழற்றும் வரை பேசாமல் இருந்தார். பிறகு நோட்டை எடுத்துப் பிரித்து என் பக்கம் திருப்பினார்.

"கண்ணு, உம் பேருக்கு ரெண்டு புள்ளி ஆச்சு."

"டூட்டி ஆயா."

"ரெண்டு ஞாயிறுமா?"

ஒரு ஞாயிறுதான் டூட்டி. இன்னொன்று அசதி, தூங்கிவிட்டேன். சொன்னேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "சரி, வர்ற ஞாயிறு எத்தனை மணிக்குக் கெளம்புவ?" என்றார்.