டெலஸ்கோப் வாங்கறதுக்கு முன்னாடி உங்க கண்ணைப் பத்தி

நான் திண்டுக்கல்ல ஆப்டோமெட்ரிஸ்ட். கண்ணு செக் பண்ணி கண்ணாடி பவர் எழுதிக் குடுக்கற வேலை, இருபது வருஷம் தாண்டியாச்சு. ராத்திரி வானம் பாக்கறது அதுக்கும் முன்னாடி ஸ்கூல் காலத்துலயே ஒட்டிக்கிட்ட பழக்கம். என் ரூம்ல கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தோட போட்டோ ஒண்ணு மாட்டி வச்சிருக்கேன், அதைப் பாத்துட்டு வாரத்துக்கு ஒரு அப்பா அம்மாவாவது "சார், பையன் டெலஸ்கோப் கேக்கறான், எது வாங்கலாம்"னு கேட்ருவாங்க. அவங்ககிட்ட நின்னுக்கிட்டே சொல்லி முடிக்க முடியாத விஷயத்தையெல்லாம் இங்க எழுதறேன்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. காலைல ஒம்பதரை மணி வாக்குல நம்ம ஊர்லயே கங்கண சூரிய கிரகணம், நெருப்பு வளையம் மாதிரி தெரிஞ்சுது. கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டைன்னு அந்தப் பாதை போச்சு. சனிக்கிழமை ஒரு அப்பா பதிமூணு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தாரு. "போர்டுல எழுத்துக்கு நடுவுல ஒரு புள்ளி மறைக்குது"ன்னான். வலது கண்ணுல பார்வை 6/18, சாதாரணமா 6/6 இருக்கணும். கட்டம் போட்ட ஆம்ஸ்லர் அட்டையைக் குடுத்து அந்தக் கண்ணால மட்டும் பாக்கச் சொன்னா சரியா நடுவுல விரலை வச்சு "இங்க இல்ல சார்"ங்கறான். விசாரிச்சா, பர்த்டேக்கு வாங்கிக் குடுத்த பைனாகுலர்ல எக்ஸ்ரே ஃபிலிமை மடிச்சு ஒட்டி ஒரு பக்கமா சூரியனைப் பாத்திருக்கான், அஞ்சாறு செகண்டுதானாம். ரெட்டினா, அதாவது விழித்திரை டாக்டர்கிட்ட அனுப்பி, அதை அடுக்கடுக்கா படம் பிடிக்கற ஓ.சி.டி ஸ்கேன் எடுத்தப்ப, பார்வையோட நட்டநடுப் புள்ளில இருக்கற அடுக்குல சின்னதா ஒரு ஓட்டை.

அந்த அப்பா என்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டது ஒண்ணுதான், "வலிச்சிருந்தா அவனே கண்ணை எடுத்திருப்பானே சார்?" வலிக்காதுங்க. ரெட்டினால வலியைச் சொல்ற நரம்பே கிடையாது. கைல சூடு பட்டா வெடுக்குன்னு இழுத்துக்கறோம்ல, அந்தக் காவல் கண்ணுக்குள்ள இல்ல. பாக்கும்போது ஒண்ணும் தெரியாது, சில மணி நேரம் கழிச்சுதான் மங்கல் வரும், அதுக்குள்ள ஆகவேண்டியது ஆகிப்போயிருக்கும். இதுக்குன்னு நிரூபிச்ச மருந்தும் இல்ல, காத்திருக்கறதுதான். அவனுக்கு ஆறு மாசத்துல 6/9 வரைக்கும் திரும்பி வந்துச்சு, ஆனா அந்தப் புள்ளி போகல.

அதனால டெலஸ்கோப் பைனாகுலர்னு யார் பேச்செடுத்தாலும் நான் சூரியன்லதான் ஆரம்பிப்பேன். எக்ஸ்ரே ஃபிலிம், சிடி, கூலிங் கிளாஸ், சாணி கரைச்ச தண்ணில தெரியற நிழல், எதுவுமே பாதுகாப்பு இல்ல. கண்ணுக்குக் கறுப்பா தெரியற எக்ஸ்ரே ஃபிலிம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை உள்ள விட்ரும், அதோட மங்கலா தெரியறதால கூசாது, கூசாததால இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம். ஐஎஸ்ஓ 12312-2 தரத்துல வர்ற கிரகணக் கண்ணாடி வெறும் கண்ணுக்கு மட்டும்தான். அதை மாட்டிக்கிட்டு பைனாகுலர்ல பாக்கலாம்னு நெறைய படிச்சவங்களே நெனைக்கறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். 10×50 பைனாகுலரோட 50 மி.மீ. லென்ஸுக்குள்ள போற வெளிச்சம் மொத்தமும் 5 மி.மீ. அகலக் கத்தையா ஒடுங்கி வெளிய வருது, கிட்டத்தட்ட 100 மடங்கு செறிவு, கிரகணக் கண்ணாடி அதைத் தாங்காது. சூரிய ஃபில்டர்னா அது முன்னாடி பெரிய லென்ஸ் மேலதான் இருக்கணும், பைனாகுலர்னா ரெண்டு லென்ஸ்லயும். பழைய சின்ன டெலஸ்கோப் பெட்டிகள்ல ஐபீஸ்ல, அதாவது கண்ணு வைக்கற பக்கத்து லென்ஸ்ல, திருகற மாதிரி "சன்"னு எழுதின கறுப்புக் கண்ணாடி இருக்கும், பாத்தீங்கன்னா எடுத்து உடைச்சுப் போட்ருங்க, சூட்டுல அது பாத்துக்கிட்டிருக்கும்போதே விரிசல் விடும். 2031 மே 21 அன்னைக்கு திரும்பவும் கங்கண கிரகணம் கேரளா, மதுரைன்னு நம்ம பக்கம் வருது, இப்ப அஞ்சாங்கிளாஸ் படிக்கற பிள்ளைங்க அன்னைக்கு மொட்டை மாடில நிப்பாங்க. இப்பவே சொல்லி வைங்க.

சரி, இனி ராத்திரிக்கு வருவோம்.

முதல்ல பைனாகுலர் வாங்குங்க. டெலஸ்கோப் அப்புறம். பைனாகுலர்னா எங்க பாக்கறோமோ அங்கயே திருப்பலாம், படம் தலைகீழா தெரியாது, ரெண்டு கண்ணாலயும் பாக்கறதால மூளைக்கு சுகமா இருக்கும், ஒருவேளை ஆர்வம் குறைஞ்சாலும் பறவை பாக்கவாவது உதவும். அதுல ரெண்டு நம்பர் இருக்கும், முதல் நம்பர் எத்தனை மடங்கு பெரிசாக்கும்னு, ரெண்டாவது முன் லென்ஸோட அகலம் மி.மீ.ல. ரெண்டாவதை முதல் நம்பரால வகுத்தா வர்றதுதான் கண்ணுக்குள்ள போற ஒளிக்கத்தையோட அகலம். கடைக்காரங்க சொல்லாத கணக்கு இது, ஆனா என் தொழில்ல இதுதான் முக்கியம். ஏன்னா இருட்டுல கண்ணு பாப்பா எவ்வளவு விரியும்ங்கறது வயசைப் பொறுத்தது, இருபது வயசுல 7 மி.மீ. வரைக்கும் விரியும், அம்பது அறுபதுல பலருக்கு 5 தாண்டாது. 7×50 வாங்கினா வர்ற கத்தை 7 மி.மீ., அறுபது வயசுக்காரர் கண்ணு அதுல 5 மட்டும்தான் உள்ள விடும், அவர் 50 மி.மீ.க்குக் காசு குடுத்து 35 மி.மீ. பைனாகுலர்ல பாத்த மாதிரிதான் ஆகும். அதனால அம்பது தாண்டினவங்களுக்கு 10×50 இல்லன்னா 8×42, ரெண்டுல ஒண்ணு சொல்றேன். கை நடுங்கறவங்களுக்கு 8×42 இன்னும் நல்லது. 20×80 மாதிரி பெரிசெல்லாம் ஸ்டாண்ட் இல்லாம ரெண்டு நிமிஷம் பிடிக்க முடியாது. சிவப்பா கண்ணாடி மாதிரி மின்னற லென்ஸ் கோட்டிங் பாத்து மயங்காதீங்க, வானத்துக்கு அது ஆகாது.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் நல்ல கம்பெனி பைனாகுலரையே எடுத்துட்டு வந்தாரு, "இதுல நட்சத்திரமெல்லாம் கமா மாதிரி இழுத்துக்கிட்டு தெரியுது, ஏமாத்திட்டாங்க"ன்னு. நான் பாத்தேன், புள்ளி புள்ளியா சுத்தமா இருக்கு. அவரை உக்கார வச்சு செக் பண்ணினா சிலிண்டர் பவர் 1.75, கண்ணோட வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால வர்ற பவர் அது. பைனாகுலர்ல பாக்கும்போது கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்திருக்காரு. இங்க ஒண்ணு கவனிங்க, சாதாரண மைனஸ் பவர் பிளஸ் பவர் இருந்தா கண்ணாடியைக் கழட்டிட்டு ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பினாலே சரியாயிடும், சிலிண்டரை எந்த ஃபோகஸும் சரி பண்ணாது, கண்ணாடியோடதான் பாக்கணும். அப்படிப் பாக்கறவங்க ஐ ரிலீஃப், அதாவது ஐபீஸ்ல இருந்து கண்ணைத் தள்ளி வைக்கக்கூடிய தூரம், 15 மி.மீ.க்கு மேல இருக்கற பைனாகுலராப் பாத்து வாங்கி, கண்ணு வைக்கற ரப்பர் வளையத்தை மடக்கி விட்டுக்கணும். சிலருக்கு கண்ணாடி போட்டும் ஒளி சிதறினா அது கண்புரையோட ஆரம்பமா இருக்கலாம், பைனாகுலரைக் குறை சொல்லி அதை மாத்திக்கிட்டே இருக்கக்கூடாது.

வாங்கும்போது கடைலயே தூரத்துல ஒரு ஆண்டெனாவோ கோபுரக் கலசமோ பாருங்க. முதல்ல வலது லென்ஸை கையால மூடிட்டு இடது கண்ணுக்கு நடுச் சக்கரத்துல ஃபோகஸ், அப்புறம் இடதை மூடிட்டு வலது கண்ணுக்கு அந்தப் பக்க ஐபீஸ்லயே இருக்கற வளையத்துல ஃபோகஸ், இதைச் செய்யாமலே பத்து வருஷம் வச்சிருக்கறவங்க இருக்காங்க. ரெண்டும் சரியானதும் முழுசா பாத்தா ஒரே படம் தெரியணும். ரெட்டையா தெரிஞ்சாலோ, பாத்து ரெண்டு நிமிஷத்துல நெத்தியை இழுத்துப் பிடிச்சாலோ உள்ள இருக்கற ப்ரிஸம் நகர்ந்திருக்கு, வேற பீஸ் கேளுங்க. மூளை அந்த ரெட்டையை ஒட்டவைக்கப் போராடும், அந்த வலியோட "பவர் ஏறிடுச்சா பாருங்க"ன்னு என்கிட்ட வர்றவங்க உண்டு. சின்னப் பிள்ளைங்களுக்கு ரெண்டு கண்ணுக்கு நடுவுல தூரம் கம்மி, பெரியவங்க பைனாகுலர் அவ்வளவு மடங்காது, அதையும் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயே பாருங்க.

வெளிய வந்ததும் ஒண்ணும் தெரியலன்னு அஞ்சு நிமிஷத்துல உள்ள போயிடறாங்க, அதுதான் எனக்கு வருத்தம். இருட்டுல பாக்கற ராட் செல்கள் முழுசா விழிக்க இருபதுல இருந்து முப்பது நிமிஷம் ஆகும். நடுவுல ஒரு தடவை போன் ஸ்க்ரீனைப் பாத்தா திரும்ப முதல்லேர்ந்து. டார்ச் மேல சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் ரெண்டு மூணு அடுக்கு கட்டிக்கோங்க, ராட் செல்லுக்கு சிவப்பு அவ்வளவா உறைக்காது. இன்னொரு விஷயம், பார்வையோட நட்டநடுவுல ராட் செல்லே கிடையாது. அதனால மங்கலான பொருளை நேரா முறைச்சுப் பாத்தா மறைஞ்சிரும், கொஞ்சம் பக்கத்துல பாத்தா தெரியும். இது பழகப் பழகத்தான் வரும்.

இந்த இடத்துல ஒண்ணைச் சொல்லியே ஆகணும். ஒரு தடவை வானம் பாக்க வந்த குடும்பத்துல எட்டு வயசுப் பொண்ணு ராத்திரி முழுக்க அம்மா கையை விடவே இல்ல. எல்லாரும் பயம்னு நெனைச்சாங்க. ஒரு மணி நேரம் கழிச்சும் அவளுக்குக் காலடில கிடந்த வெள்ளைப் பாய் தெரியல. டெஸ்ட் பண்ணினப்ப ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, சொந்தத்துல கல்யாணம் நடக்கற குடும்பங்கள்ல நாங்க அதிகமா பாக்கற பரம்பரை நோய். இருட்டு பழகவே மாட்டேங்குதுன்னு யாராவது சொன்னா சிரிச்சுத் தள்ளாதீங்க, கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, விட்டமின் ஏ குறைவா இருந்தாலும் இப்படி மாலைக்கண் வரும், அதை சரி பண்ணலாம்.

என்ன பாக்கலாம்? நிலாவை பௌர்ணமில பாக்காதீங்க, தட்டையா கூசும். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாள் பாருங்க, வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல பள்ளங்களோட நிழல் நீளமா விழுந்து கிடக்கும். பைனாகுலரை சுவத்துல சாய்ச்சுப் பிடிச்சா வியாழனுக்குப் பக்கத்துல நாலு நிலா வரைக்கும் தெரியும், 1610 ஜனவரில கலிலியோ பாத்த அதே நாலு. ஐப்பசி கார்த்திகை மழை ஓஞ்சு தை மாசி வந்தா வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், திருவாதிரையோட சிவப்பு, மூணு நட்சத்திர வரிசைக்குக் கீழ ஓரியன் நெபுலாங்கற வாயு மேகம், தெக்க அகத்திய நட்சத்திரம். கல்யாணத்துல அம்மி மிதிச்சுக் காட்டற அருந்ததியை சித்திரை வைகாசி சாயங்காலத்துல பாருங்க, பக்கத்துல பெரிய நட்சத்திரத்தோட ரெண்டா அழகா பிரிஞ்சு தெரியும். அதே மாசத்துல தெக்க பாத்தா ஒமேகா சென்டாரி, லட்சக்கணக்கான நட்சத்திரம் ஒண்ணா உருண்டு கிடக்கற கொத்து. லண்டன்ல இருக்கறவங்களுக்கு அது எழவே எழாது. வெளிநாட்டுக்காரங்க எழுதின கைடுகளை மட்டும் பாத்தா நம்ம தெக்கு வானம் எவ்வளவு பெரிய சொத்துன்னு தெரியாமலே போயிரும். ஸ்டெல்லேரியம்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசமா இருக்கு, நம்ம ஊரைப் போட்டு வச்சுக்கோங்க.

ஆறு மாசம் இப்படிப் பாத்தும் ஆசை குறையலன்னா டெலஸ்கோப் வாங்குங்க. பெட்டி மேல 675 மடங்குன்னு போட்டிருந்தா கீழ வச்சிருங்க. முன் லென்ஸ் எத்தனை மி.மீ.யோ அதுல ரெண்டு மடங்குதான் உச்ச வரம்பு, 60 மி.மீ. டெலஸ்கோப்புக்கு 120. அதுக்கு மேல போனா மங்கல்தான் பெரிசாகும். ஸ்டாண்ட் ஆடினா எவ்வளவு நல்ல லென்ஸும் வீண். எனக்குப் பிடிச்சது ஆறு இன்ச் டாப்சோனியன், மரப்பெட்டி மேல உக்காந்திருக்கற குழாய், அவ்வளவுதான். அதை உருவாக்கின ஜான் டாப்சன் சான் ஃபிரான்சிஸ்கோ வேதாந்த மடத்துல 23 வருஷம் துறவியா இருந்தவர், வெளிய வந்து நடைபாதைல டெலஸ்கோப் வச்சு போறவர்றவங்களுக்கெல்லாம் சனியையும் நிலாவையும் காட்டினாரு. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நல்ல டெலஸ்கோப்ல ஒரு தடவையாவது பாத்துருங்க. ஜவ்வாது மலை காவலூர் வானாய்வு மையத்துல பொதுமக்களுக்குக் காட்டற நாள் எதுன்னு விசாரிச்சுட்டுப் போகலாம், 1977ல யுரேனஸோட வளையத்தைப் பதிவு பண்ணின இடங்கள்ல அதுவும் ஒண்ணு. வாங்கினப்புறம் லென்ஸ்ல பூஞ்சை பிடிக்காம சிலிகா ஜெல் போட்டு வைங்க. நட்சத்திரத்தைச் சுட்டிக் காட்டற பச்சை லேசரைப் பிள்ளைங்க கைல குடுக்கவே குடுக்காதீங்க, அதுவும் அதே ரெட்டினாவைத்தான் சுடும்.

அந்தப் பையன் இப்ப காலேஜ் படிக்கறான். போன ஏப்ரல்ல சிறுமலைல தெரிஞ்சவங்க தோட்டத்துல நாங்க கூடினப்ப அவனும் வந்தான். பதினொரு மணி வாக்குல ஒமேகா சென்டாரியை வலது கண்ணால மட்டும் பாத்துட்டு "நேரா பாத்தா காணோம் சார், தள்ளிப் பாத்தா இருக்கு"ன்னான். புத்தகம் படிக்கும்போது அந்தக் கண்ணு இன்னும் ஒரு எழுத்தை முழுங்குதாம். விடியக்காலைல அஞ்சரைக்கு எல்லாரும் தூங்கிக்கிட்டிருந்தோம், கிழக்கு வெளுக்க ஆரம்பிச்சிருந்துச்சு, அவன் மட்டும் எந்திரிச்சு ஒவ்வொரு டெலஸ்கோப்பா போய் மூடி போட்டுக்கிட்டிருந்தான், மேல இருக்கற, குறி பாக்கற சின்ன ஃபைண்டருக்கும் சேத்து.